ஈ மேய்த்த வெண்டலின்

வியன்னாவில் வெண்டலின் ஸாப்லெதால் என்று ஒருவர் இருக்கிறார். ஆடுமாடு மேய்ப்பவர்களைக் காக்கும் புனிதரின் பெயர் அது. அவருடைய அம்மா ஆசையாக வைத்தது. பிள்ளை வளர்ந்து ஈ மேய்ப்பான் என்று அந்த அம்மாள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஈ மேய்க்கப் போவதற்கு முன்னால் வெண்டலின் முடி வெட்டிக்கொண்டிருந்தார். ஃபேவரிட்டன் பக்கம் ஒரு சலூன். கை பஞ்சு போல. காதோரம் அவர் கத்தரி ஓட்டினால் நாற்காலியில் இருப்பவர் கொட்டாவி விட்டுத் தூங்கிவிடுவார். எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று அவருடைய சொந்த முடி கொட்டத் தொடங்கியது. கல்யாண வயது வருவதற்குள் தலை கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஆகிவிட்டது. வந்து உட்காருபவர்கள் எதிரே கண்ணாடியில் தங்கள் தலையையும் அதற்குப் பின்னால் பளபளக்கும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ‘ஒரு அவசர வேலை, மறந்தே போயிட்டேன்’ என்று எழுந்து போய்விடுவார்கள்.

முதலாளி யோசித்து ஒரு விக் வாங்கிக் கொடுத்தார். கறுப்பாக, அடர்த்தியாக, கொஞ்சம் பெரிய அளவில். ஒருநாள் வெண்டலின் ஒரு பெண்ணின் முன்நெற்றி முடியைச் சரிசெய்யக் குனிந்தபோது அது வழுக்கிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அந்தப் பெண் அதைத் தடவிக் கொடுத்து, “ஐயோ பாவம், எந்த வழியா வந்துச்சு இந்தப் பூனை?” என்றாள். பூனை அசையவில்லை என்றதும் கண்கலங்கிவிட்டாள்.

அன்றோடு வெண்டலினுக்கு வேலை போயிற்று. ஆனால் அந்தப் பெண், ஹெர்மினெ, மறு வருஷமே அவருக்கு மனைவியானாள்.

வேலையில்லாமல் திரிந்த வெண்டலினுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் தேவை என்று யாரோ சொன்னார்கள். அங்கே புரொபசர் ஓபர்மோசர் அம்மையார்தான் நேர்காணல் செய்தார். டைரோல் மலைக்காரர். எதிர் மலையில் நிற்பவரோடு பேசுவது போலத்தான் எப்போதும் பேசுவார்.

“சின்ன பிரஷ் பிடிச்சு வேலை செய்யத் தெரியுமா?”

“தெரியும், ஃப்ராவ் புரொபசர்” என்றார் வெண்டலின், அம்மையார்களை அழைக்கும் ஊர் மரியாதைப்படி.

“சீப்பு? சீப்பைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?”

கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும் வெண்டலின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “சீப்புலயே வளர்ந்தவன் நான்.”

“நாளைக்கே வந்துடுங்க.”

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. அழுகின வாழைப்பழத்தின் மேல் சுற்றுமே பழ ஈ, அதில் ஆணுக்கு முன்னங்கால்களில் மட்டும் சீப்புப் பல் போல ஒரு சின்ன முடிவரிசை இருக்கும். பெண்ணைப் பிடித்துக்கொள்ள அது உதவும். புரொபசர் வளர்த்த சில ஈக்களுக்கோ நடுக்காலிலும் சீப்பு, பின்னங்காலிலும் சீப்பு. அந்த ஈக்களை வாயு கொடுத்து மயக்கி, நுண்ணோக்கியில் வைத்து, பிரஷ் நுனியால் புரட்டி, எதற்கு எந்தக் காலில் சீப்பு என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வெண்டலினுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஈக்கள் யாரும் அவர் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து போகவில்லை.

மனைவி வழியில்தான் தொல்லை. ஹெர்மினெயின் அண்ணன் போல்டிக்கு நகரின் வடகோடியில், ஸ்டாமர்ஸ்டார்ஃபில், திராட்சைத் தோட்டமும் அதை ஒட்டி ஒயின்கடையும் இருந்தன. தங்கையை ஒரு திராட்சைத் தோட்டக்காரனுக்குக் கட்டிக்கொடுக்க நினைத்திருந்தவர் அவர். முடி வெட்டுபவனைக்கூடப் பொறுத்திருப்பார். ஈக்குச் சீப்பு பார்ப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஞாயிறுதோறும் கடை நிறைய ஆள் இருக்கும்போது வாசலில் வெண்டலின் தலை தெரிந்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

“எல்லாரும் எழுந்திருங்கப்பா, ஈக்களோட ஹோஃப்ராட் வர்றார்!”

ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசர் போய்த் தலைமுறைகள் ஆகியும் பட்டம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. நாலைந்து பேர் நிஜமாகவே எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள். வெண்டலினும் தன் தொப்பியைக் கழற்றுவார். அதற்கு இன்னொரு சிரிப்பு எழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போல்டி கேட்டார்: “மாப்ளே, நிஜமாச் சொல்லு. ஈக்கு எந்தக் கால்ல முடியிருந்தா யாருக்கு என்ன?”

“கேன்சர் ஆராய்ச்சி மச்சான்.”

“ஈக்குக் கேன்சர் வந்தா வரட்டுமே! நான் போய் மாலை வைக்கவா போறேன்?”

வெண்டலின் புரொபசரிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதைத் தனக்குத் தெரிந்த வழியில் சொன்னார். “எல்லாக் காலுக்குள்ளயும் ஒரே மரபணுதான். பின்னங்காலுக்குள்ளயும் சீப்பு செய்யற குறிப்பு இருக்கு. அதை மூடி வச்சிருக்காங்க.”

“யாரு?”

“நொதிங்க.”

“என் பீப்பாயில பொங்குதே, அதுவா?”

“அதோட சித்தப்பா பையன்னு வச்சுக்கோங்க. நீங்க கடை திறந்தா வாசல்ல பைன் கிளை தொங்கவிடறீங்க இல்ல? கிளை இல்லைன்னா கடை மூடல். வீடு அதேதான், ஒயினும் அதேதான். கிளையைப் பார்த்துத்தான் ஜனங்க உள்ள வர்றதும் வராததும். அந்தக் கிளையை மாட்டறவன், கழட்டறவன், அவங்கதான் இந்த நொதிங்க. ஈ கருவா இருக்கும்போதே எந்தக் குறிப்பு திறந்திருக்கணும், எது மூடியிருக்கணும்னு அடையாளம் வச்சுட்டுப் போவாங்க. ஒருத்தன் வேலைக்கு மட்டம் போட்டான்னா பின்னங்கால்ல சீப்புக்கடை திறந்துக்கும்.”

“ஒருத்தன் விழுந்து விழுந்து வேலை பார்த்தா?”

“‘போதும், இனி வளராதே’ன்னு சொல்ற கடையையும் சேர்த்து மூடிடுவான். செல்லு நிறுத்தாம பெருகும். அதுதான் கட்டி.”

போல்டி மீசையைத் துடைத்துக்கொண்டார். “அதாவது இந்தத் தெருவுல எல்லாக் கடையையும் மூடிட்டு நான் மட்டும் திறந்து வச்சிருந்தா எனக்குக் கொண்டாட்டம், தெருவுக்குக் கேன்சர். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை பேர் படிச்சாங்க?”

பேச்சு அப்படித்தான் போகும். ஆனாலும் அன்றிலிருந்து மனிதருக்கு வெண்டலின் மேல் ஒரு மாதிரி மரியாதை வந்துவிட்டது. ‘உங்க புரொபசர் அம்மாவுக்கு ஏதாவது குடுத்தனுப்பணும் மாப்ளே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மரியாதையில்தான் எல்லா வினையும் வந்தது.

அந்த வருஷம் புரொபசர் ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்கென்று வளர்த்த ஈக்களில் ஒரு நொதி மிதமிஞ்சி வேலை செய்யும். அவற்றின் கண்களில் ராஸ்பெரி பழம் போலக் கட்டி புடைத்துக்கொண்டு நிற்கும். மற்ற ஈக்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வம்சத்துக்கே இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும்படி அடையாளம் வைத்திருந்தார்கள். நொதியின் கையைப் பிடித்து நிறுத்தும் மருந்தை ஈக்களின் கஞ்சியில் கலந்து கொடுக்க வேண்டும். கட்டியோடு பிறக்கும் குஞ்சுகள் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். சோளமாவு, ஈஸ்ட், கரும்புப்பாகு போட்டு அந்தக் கஞ்சியைக் காய்ச்சுபவர் வெண்டலின்தான். நன்றாகவே காய்ச்சுவார். ஹெர்மினெ செய்யும் ரவைக்கஞ்சியைவிட அதற்கு வாசனை அதிகம் என்று ஒருமுறை வீட்டில் வாய்தவறிச் சொல்லி, ஒரு வாரம் ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டார்.

அது செப்டம்பர் மாதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தில்லாத கஞ்சி ஊற்றிய கண்ணாடிக் குழாய்களில் வெள்ளிக்கிழமையே ஈக்களை விட்டுப் பஞ்சால் அடைத்துவிட்டார். மருந்துக் குழாய்களைத் திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார். இடையில் ஞாயிறு வந்தது. திராட்சை பிழியும் காலம். போல்டியின் முற்றத்தில் பழச்சாறும் சக்கையும் கிடந்தன. அவற்றின் மேல் பழ ஈக்கள் புகை போல எழும்பி எழும்பி உட்கார்ந்தன. மாலையில் போல்டி ஒரு பெரிய புட்டி நிறைய ‘ஷ்டுர்ம்’ கொண்டுவந்து கையில் திணித்தார். ஷ்டுர்ம் என்பது இன்னும் ஒயின் ஆகாமல் பாதி வழியில் பொங்கிக்கொண்டிருக்கும் சாறு. புட்டியை இறுக மூடினால் வெடித்துவிடும். அதனால் மூடியைச் சும்மா மேலே வைத்திருப்பார்கள்.

“புரொபசர் அம்மாவுக்கு. நேரா பிடிச்சுக்கோ. சாய்ச்சேன்னா டிராம் முழுக்க உன்னைத் திட்டும்.”

திங்கள் காலையில் வெண்டலின் அந்தப் புட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டிராமில் வந்தார். புரொபசர் இன்னும் வரவில்லை. ஈ அறை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேயே ஜன்னலோரம் புட்டியை வைத்துவிட்டு, சீட்டியடித்தபடி மருந்துக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஈக்களை விட்டார். புட்டிக்குள்ளிருந்தும் கோட்டு மடிப்பிலிருந்தும் ஸ்டாமர்ஸ்டார்ஃப் விருந்தாளிகள் புறப்பட்டதை அவர் பார்க்கவில்லை. நல்ல ஈஸ்ட் வாசனை வந்தது. அவை போகாமல் என்ன செய்யும்?

புரொபசர் வந்தார், ஷ்டுர்மைக் குடித்தார், போல்டிக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

கொஞ்ச நாளில் குஞ்சுகள் வெளிவந்தன. மருந்தில்லாத குழாய்களில் வழக்கம் போல ராஸ்பெரிக் கண்கள். மருந்துக் குழாய்களிலோ எங்கே பார்த்தாலும் உருண்டையான, சிவந்த, அழகான கண்கள்! போல்டியின் முற்றத்திலிருந்து வந்த காட்டு ஈ போட்ட பிள்ளைகள் வஸ்தாதுகள். நோஞ்சான் ஈக்களின் பிள்ளைகளை இடித்துத் தள்ளிவிட்டுக் கஞ்சி முழுவதையும் அவையே தின்று தீர்த்திருந்தன. வெண்டலின் நுண்ணோக்கியை விட்டு நகரவே இல்லை. பிரஷ்ஷால் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இறகுகள் சுருளவில்லை, நேராக இருந்தன. ‘அடேயப்பா! கண்ணையும் காப்பாத்தி, இறகுக்கும் இஸ்திரி போட்டிருக்கே இந்த மருந்து!’ என்று பூரித்துப்போனார். புரொபசர் கண்ணின் படங்களைத்தான் கேட்டிருந்தார். ஆகவே கண்ணைப் படமெடுத்துக் கொடுத்தார். இறகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

படங்களைப் பார்த்த புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு வெண்டலினின் மொட்டைத் தலையில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தார். “இதைத் திரும்பச் செய்து பார்க்கணும். அதுக்கு முன்னால இந்த சனிக்கிழமை எல்லாரும் உங்க மச்சான் கடைக்குப் போறோம். நம்ம கூடத்து டைரக்டரையும் கூப்பிடறேன்.”

முத்தம் விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டு வெண்டலின் யோசிக்க ஆரம்பித்தார். முடி வளரும் குறிப்பு தன் தலைக்குள்ளும் இருக்கத்தானே வேண்டும்? எவனோ ஒரு நொதி அதை மூடிவிட்டுப் போயிருக்கிறான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினால்? கண்ணுக்கு ஒன்று, இறகுக்கு ஒன்று என்று கொடுத்த மருந்து, தலைக்கு இல்லையென்றா சொல்லும்? சட்டியின் அடியில் மிச்சமிருந்த மருந்துக் கஞ்சியை ஒரு ஜாடியில் வழித்துக்கொண்டார். தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, சலூனில் எண்ணெய் தேய்த்த அதே விரல் பக்குவத்தோடு உச்சந்தலையிலிருந்து காது வரைக்கும் தேய்த்தார்.

ஹெர்மினெ இரண்டாம் நாளே மோப்பம் பிடித்துவிட்டாள். “வெண்டல், உன்மேல ஏன் பேக்கரி வாசனை அடிக்குது?”

“புது சோப்பு.”

“எந்தக் கடையில வாங்கினே?”

“ஆபீஸ்ல குடுத்தாங்க.”

“எந்த பேக்கரிக்காரி குடுத்தா?” என்றாள் ஹெர்மினெ. வெண்டலின் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் போல்டியின் முற்றத்தில் நீள மேசை போட்டார்கள். பன்றி வறுவலும் மிளகாய்த்தூள் போட்ட பாலாடைக்கட்டியும் வந்தன, கூடவே ஜாடி ஜாடியாக ஷ்டுர்ம். டைரக்டர் வலக்கையால் கோப்பையை உயர்த்தி, குடிக்கும் முன் சொல்லும் வாழ்த்தாக “ப்ரோஸ்ட்” என்றார். போல்டி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “ஷ்டுர்முக்கு இடது கை சார்! ப்ரோஸ்ட்டும் சொல்லக் கூடாது. அது இன்னும் ஞானஸ்நானம் வாங்காத குழந்தை.” டைரக்டர் மிரண்டுபோய்க் கையை மாற்றிக்கொண்டார்.

வெண்டலின் அன்றைக்கு மூன்று மடங்கு கஞ்சி தேய்த்திருந்தார். வெயில் இதமாக விழுந்தது. புரொபசர் பேச எழுந்தபோது மரியாதைக்காக அவர் தொப்பியைக் கழற்றினார்.

“நண்பர்களே, பன்னிரண்டு வருஷமா நான் காத்திருந்த...” என்று புரொபசர் தொடங்கினார். அப்போது ஓர் ஈ வந்து வெண்டலின் தலையில் உட்கார்ந்தது. பிறகு ஒரு குடும்பம் வந்தது. சக்கைக் குவியலில் இருந்தவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டது போல எழுந்து வந்தன. பேச்சு முடிவதற்குள் வெண்டலினுக்கு மறுபடி முடி முளைத்தது போலவே இருந்தது. ஒரே வித்தியாசம், அந்த முடி நகர்ந்துகொண்டிருந்தது.

“மாப்ளே,” என்றார் போல்டி மெதுவாக, “உன் ஆளுங்க உன்னைத் தேடி வந்துட்டாங்க.”

மேசை குலுங்கியது. டைரக்டருக்குப் புரையேறியது. புரொபசர் மட்டும் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வெண்டலின் தலைமேல் குனிந்தார்.

“எவ்வளவு ஆரோக்கியமான ஈக்கள்!” என்றார்.

வெண்டலின் தலையை ஆட்டாமல் பெருமையாகச் சொன்னார்: “நம்ம மருந்து ஈ மாதிரியே இருக்கு இல்ல, ஃப்ராவ் புரொபசர்? அதே சிவந்த கண்ணு, அதே நேரான இறகு.”

பூதக்கண்ணாடி அப்படியே நின்றது.

“எந்த இறகு?”

“நேரான இறகுதான். மருந்துல சுருளெல்லாம் நிமிர்ந்துடுச்சே.”

“ஹெர் ஸாப்லெதால், அந்த மருந்து இறகை நிமிர்த்தாது. உலகத்துல எந்த மருந்தும் நிமிர்த்தாது.” மலைக்காரக் குரல் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. “அந்தத் திங்கட்கிழமை ஈ அறையில என்ன இருந்தது?”

வெண்டலின் யோசித்தார். முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் போல்டி நெஞ்சில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தார். “நான் குடுத்தனுப்பின ஷ்டுர்ம் இருந்துச்சு! நல்லா இருந்துதாம்மா?”

புரொபசர் ஒரு கணம் எல்லாரையும் பார்த்தார். பிறகு கோப்பையை இடக்கையில் எடுத்து டைரக்டரின் பக்கம் திரும்பினார். “நண்பர்களே, பன்னிரண்டு வருஷமா நான் காத்திருந்தது இன்னும் வரலை. இன்னும் கொஞ்சம் காத்திருக்கணும். சாப்பிடுங்க.” ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை. கொஞ்சம் அழுகையும் அதில் இருந்ததை வெண்டலின் பார்த்தார். முற்றமே உள்வாங்கித் தன்னை விழுங்கிவிடாதா என்று அவருக்கு இருந்தது.

ஹெர்மினெதான் வந்து காதைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். “பேக்கரிக்காரி இல்லைன்னு தெரிஞ்சதே பெரிய நிம்மதி,” என்று சொல்லிக்கொண்டே தலையைத் தேய்த்துக் கழுவினாள். “உனக்கு எதுக்குய்யா முடி? அதைப் பார்த்தா நான் உன்னைக் கட்டிக்கிட்டேன்?”

திங்கட்கிழமை வெண்டலின் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப் போனார். புரொபசர் காதில் வாங்கவே இல்லை. “குழாய் எல்லாத்தையும் கழுவுங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இனிமே காலையில கோட்டை வெளியே கழட்டிட்டு உள்ள வாங்க. நான் இறகைப் பார்க்காதது என் தப்பு, நீங்க சொல்லாதது உங்க தப்பு. தீர்ந்தது.”

திரும்பச் செய்தார்கள். மருந்து வேலை செய்யத்தான் செய்தது, கொஞ்சமாக. சில ஈக்களில் கட்டி சிறுத்தது, பலவற்றில் அப்படியே இருந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ ஏன் என்று கேட்டே புரொபசருக்கு அடுத்த சில வருஷங்கள் ஓடின. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதில் அதிர்ஷ்டம் அடித்தது போல்டிக்குத்தான். குழாய்களில் பெருகிய காட்டு ஈக்கள் நோய்நொடியில்லாமல், கொழுகொழுவென்று இருந்ததால் புரொபசர் அவற்றைக் கொன்றுவிடவில்லை. நோயுள்ள ஈக்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஈ எந்தக் கூடத்துக்கும் வேண்டும். ஊர்ப் பெயரை வைத்து அப்படிப்பட்ட வம்சங்களை அழைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். இதற்கு ‘ஸ்டாமர்ஸ்டார்ஃப் போல்டி’ என்று பெயர் வைத்தார்கள். யாரோ கேட்டார்கள் என்று ஒரு குழாய் ஜப்பானுக்குப் போயிற்று, ஒன்று பிரேசிலுக்குப் போயிற்று. வெண்டலின்தான் பஞ்சடைத்துப் பெட்டி கட்டி அனுப்புவார்.

இப்போது ஸ்டாமர்ஸ்டார்ஃபுக்குப் போய் யாராவது ‘கோப்பையில் ஈ கிடக்கிறதே’ என்று கோபமாகக் கூப்பிட்டால் போல்டி ஓடிவந்து மன்னிப்புக் கேட்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறார். “உங்களுக்குத் தெரியுமா சார், இவனோட பெரியப்பா ஜப்பான்ல இருக்கான்.” பிறகு உள்ளே திரும்பி, “மாப்ளே, இங்க வா, இவருக்கு நீயே எடுத்துச் சொல்லு!” என்று கத்துகிறார். வெண்டலின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, மேசையை நோக்கி நடந்து வருகிறார்.